தீப்பாறைகள்: வகைகள், குணங்கள், அடையாளம் காணும் முறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவியல் படிப்பவர்கள், கல் சேகரிப்பவர்கள், கட்டடத்துக்குக் கல் தேர்ந்தெடுப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். அடையாளம் காணும் முறையும் அடர்த்தி அளக்கும் முறையும் மட்டும் சற்று நீளமானவை. செய்து பார்க்கும்போது பலரும் தவறுவது அந்த இரண்டில்தான்.

தீப்பாறை என்றால் என்ன?

உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகினால் கிடைப்பது தீப்பாறை. குழம்பு பூமிக்குள் இருக்கும்வரை மாக்மா, வெளியே வந்துவிட்டால் லாவா. ஆழத்திலேயே இறுகியவை அடியாழப் பாறைகள். விரிசல்களில் புகுந்து நடுவழியில் இறுகியவை இடையாழப் பாறைகள். தரைக்கு மேலோ கடலடியிலோ கொட்டி இறுகியவை எரிமலைப் பாறைகள்.

ஒரே மாதிரி இருக்கும் கற்களுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

பெயர் வைக்கும்போது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒன்று, குழம்பில் என்ன இருந்தது என்பது. இதில் முக்கியமானது சிலிக்காவின் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) அளவு. மற்றொன்று, அது எவ்வளவு வேகமாக ஆறியது என்பது. இதைப் படிகங்களின் பருமன் காட்டிக்கொடுக்கும். ஒரே குழம்பு மெதுவாக ஆறினால் ஒரு பெயர், வேகமாக ஆறினால் வேறு பெயர். அதனால் தீப்பாறைகளை ஜோடி ஜோடியாக நினைவில் வைப்பதே எளிது. முதலில் வருவது பெரிய படிகங்கள் கொண்ட பெருமணிப் பாறை, அடுத்தது நுண்ணிய படிகங்கள் கொண்ட நுண்மணிப் பாறை.

- கிரானைட் – ரயோலைட்: சிலிக்கா எடையில் 65 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 70-ஐ ஒட்டி
- டயோரைட் – ஆண்டிசைட்: சுமார் 52 முதல் 63 வரை
- கேப்ரோ – பசால்ட்: 45 முதல் 52 வரை
- பெரிடோடைட் – கொமாட்டியைட்: 45-க்குக் கீழே

கிரானைட்டுக்கும் டயோரைட்டுக்கும் நடுவே கிரானோடயோரைட் வரும். அதன் நுண்மணி ஜோடி டேசைட். கேப்ரோவுக்கும் பசால்ட்டுக்கும் நடுத்தர மணி கொண்ட உறவு டோலரைட். இது பெரும்பாலும் டைக், சில் எனப்படும் பாறைத் தகடுகளில் கிடைக்கும். இந்த எல்லைகள் மனிதர் வகுத்தவை. இயற்கையில் ஒன்று மற்றொன்றாகப் படிப்படியாக மாறிக்கொண்டே போகும். எல்லையில் நிற்கும் கல்லுக்கு இரண்டு புவியியலாளர்கள் இரண்டு பெயர் சொன்னால் அதில் வியப்பில்லை.

சிலிக்கா கூடினால் என்னென்ன மாறும்?

ஏறக்குறைய எல்லாமே மாறும். சிலிக்கா மிகுந்த குழம்பில் சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒன்றோடொன்று கோத்து நீண்ட பின்னல்களாக நிற்கும். அதனால் குழம்பு மிகவும் கெட்டியாகிவிடும். பசால்ட் லாவா 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸில் ஆறுபோல் ஓடும். ரயோலைட் லாவா 700 முதல் 900 டிகிரியிலேயே வெளிவரும். பிசுபிசுப்பில் அது பசால்ட்டைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். எரிமலை வாயிலிலேயே குவிந்து நிற்கும், எளிதில் நகராது.

வெடிப்பின் தன்மையும் இதையொட்டியே அமைகிறது. இளகிய குழம்பிலிருந்து வாயுக்கள் தப்பித்துவிடும், கெட்டியான குழம்பில் சிக்கிக்கொண்டு அழுத்தம் ஏறும். 2018-இல் ஹவாயின் கிலாவேயாவில் வழிந்தது பசால்ட். 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையையும் 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோவையும் வெடிக்கவைத்தது டேசைட் குழம்பு.

சிலிக்கா கூடும்போது இரும்பும் மக்னீசியமும் குறைகின்றன. எனவே கல் வெளிறும், எடையும் குறையும். கிரானைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.6 முதல் 2.7 கிராம். டயோரைட் 2.8-ஐ ஒட்டி இருக்கும். பசால்ட் 2.8 முதல் 3.0, கேப்ரோ 2.9 முதல் 3.1, பெரிடோடைட் 3.2-க்கு மேல். கண்டங்கள் உயர்ந்தும் கடலடி தாழ்ந்தும் நிற்பதற்கு இந்தச் சிறு வேறுபாடும் ஒரு முக்கியக் காரணம். கடலடி ஓடு சுமார் 7 கிலோமீட்டர் தடிமனுள்ள பசால்ட்டும் கேப்ரோவும். கண்ட ஓட்டின் மேற்பகுதி சராசரியாகக் கிரானோடயோரைட்டுக்கு நெருக்கமானது.

படிகம் பெரிதாக இருந்தால் மெதுவாக ஆறியது என்று உறுதியாகச் சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். பல கிலோமீட்டர் ஆழத்தில், சுற்றியுள்ள பாறையே போர்வையாக இருக்கும் இடத்தில், ஆறுவதற்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் ஆண்டுகள் ஆகும். அங்கே படிகங்கள் 5 மி.மீ-க்கு மேல் வளரும். லாவாவில் நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆறுவதால் 1 மி.மீ-க்குள் நின்றுவிடும். நீரில் விழுந்தோ விளிம்பிலோ நொடியில் ஆறினால் படிகமே உருவாகாது, கண்ணாடிதான் மிஞ்சும்.

ஆனால் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. முதலாவது பெக்மடைட் என்ற மிகப் பெருமணிப் பாறை. கிரானைட் குழம்பின் கடைசி மிச்சத்தில் நீரும் லித்தியம், போரான், ஃபுளூரின் போன்றவையும் செறிந்துவிடுகின்றன. அவை குழம்பை இளக்கி அணுக்களைத் தாராளமாக நகரவிடுகின்றன. அதனால் மிகக் குறுகிய காலத்திலேயே பெரும் படிகங்கள் வளர்ந்துவிடும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்டா சுரங்கத்தில் 10 மீட்டரைத் தாண்டிய ஸ்போடுமின் (லித்தியம் கொண்ட கனிமம்) படிகம் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது போர்ஃபிரி அமைப்பு. நுண்ணிய பரப்புக்குள் பெரிய படிகங்கள் பதிந்திருக்கும். ஆழத்தில் கொஞ்ச காலம் மெதுவாக ஆறி, பிறகு சட்டென்று மேலே வந்து இறுகியது என்று பொருள். இப்படிப்பட்ட கல்லுக்கு வகை சொல்லும்போது பெரிய படிகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதைச் சூழ்ந்துள்ள நுண்பரப்பின் மணிப் பருமனே பெயரைத் தீர்மானிக்கும்.

கையில் இருக்கும் கல்லைப் படிப்படியாக அடையாளம் காண்பது எப்படி?

தேவையானவை: நிலவியல் சுத்தியல், கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, 10 மடங்கு லென்ஸ், எஃகுக் கத்தி, சிறு காந்தம், ஒரு துண்டுக் கண்ணாடி. ஆணி அடிக்கும் சாதாரணச் சுத்தியல் வேண்டாம், அதன் முகத்திலிருந்து எஃகுச் சில்லு தெறிக்கும்.

1. புதிதாக உடைந்த பரப்பைப் பாருங்கள். வெளித்தோல் பல மி.மீ ஆழம்வரை துருவேறியோ வெளுத்தோ இருக்கும். பசால்ட் வெளியே பழுப்பாகவும் உள்ளே கருஞ்சாம்பலாகவும் இருப்பது சாதாரணம். தவறான பெயர்களில் பெரும்பங்கு இந்தப் படியைத் தாண்டிப் போவதால் வருகிறது.

2. இது தீப்பாறைதானா என்று உறுதிசெய்யுங்கள். படிகங்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, எத்திசையிலும் ஒரே மாதிரி சிதறிக் கிடந்தால் தீப்பாறை. உருண்ட மணிகள் ஏதோ ஒன்றால் ஒட்டப்பட்டதுபோல் இருந்தால் படிவுப் பாறை. வெளிறியதும் கறுத்ததுமான பட்டைகள் மாறி மாறி ஓடினால் அது நைஸ் என்ற உருமாறிய பாறை. கிரானைட்டிலுள்ள அதே கனிமங்கள்தான் அதிலும் இருக்கும் என்பதால் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகும்.

3. மணிப் பருமனைக் கவனியுங்கள். வெறுங்கண்ணுக்குப் படிகங்கள் தெரிந்தால் அடியாழப் பாறை. லென்ஸ் வைத்தாலும் தெரியாவிட்டால் எரிமலைப் பாறையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. குவார்ட்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும். தட்டையான முகமே இல்லாமல் வளைவாக உடைந்திருக்கும். கத்தியால் கீற முடியாது, ஆனால் அது கண்ணாடியைக் கீறும். நிறைய இருந்தால் கிரானைட் குடும்பம். கேப்ரோவில் அநேகமாக இருக்காது. ஆலிவின் என்ற பச்சைக் கனிமமும் குவார்ட்ஸும் ஒரே கல்லில் சேர்ந்து இருப்பதாகத் தோன்றினால் மறுபடி பாருங்கள். பொதுவான பாறைகளில் இரண்டும் ஒன்றாக விளைவதில்லை.

5. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் வகைகளைப் பிரித்தறியுங்கள். கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் அதன் தட்டை முகங்கள் மின்னும். மின்னும் முகத்தில் லென்ஸ் வைத்து, முடி அளவு மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் அது பிளாஜியோகிளேஸ் வகை. இளஞ்சிவப்பு பெரும்பாலும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரைச் சுட்டும். ஆனால் நிறம் மட்டும் சான்றாகாது, கோடுகளையே நம்புங்கள்.

6. கறுப்புக் கனிமங்களைச் சோதியுங்கள். கத்தி நுனியில் மெல்லிய ஏடாக உரிந்தால் பயோடைட் மைக்கா. நீண்ட கம்பிபோல் இருந்து, பிளவுத்தளங்கள் சாய்வாக 60, 120 டிகிரியில் வெட்டிக்கொண்டால் ஹார்ன்பிளெண்ட். குட்டையாக, ஏறத்தாழ செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் பைராக்சின். பச்சை நிறச் சர்க்கரை மணிகளைப் போலிருந்தால் ஆலிவின்.

7. காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கல்லை அருகே கொண்டுபோங்கள். பசால்ட்டிலும் கேப்ரோவிலும் உள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் பல சமயம் காந்தத்தை லேசாக இழுக்கும். இழுக்காவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நுண்மணிப் பாறைகளில் இந்த முறை பாதிவழியில் நின்றுவிடும். கருஞ்சாம்பல் ஆண்டிசைட்டையும் பசால்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு உறுதியாகப் பிரிக்க முடியாது. 0.03 மி.மீ தடிமனுக்குத் தேய்த்த மென்சீவலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது வேதிப் பகுப்பாய்வு செய்து சிலிக்காவுக்கு எதிராக சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையை வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதுவரை 'கறுத்த நுண்மணி எரிமலைப் பாறை' என்று எழுதி வைப்பதே நேர்மையான விடை.

அடர்த்தியை எளிமையாக அளக்க முடியுமா?

முடியும். 1 கிராம் துல்லியம் உள்ள மின்னணுத் தராசு போதும். கல் 200 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும், அதைவிடச் சிறிதானால் 1 கிராம் பிழையே விடையைக் கெடுத்துவிடும்.

உலர்ந்த கல்லை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி நீர் நிரப்பிய பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 412 கிராம் கல்லுக்குத் தராசு 155 காட்டினால் 2.66, கிரானைட் பக்கம். அதே எடையுள்ள வேறொரு கல்லுக்கு 137 காட்டினால் 3.01, கேப்ரோ அல்லது டோலரைட் பக்கம்.

விடை தவறாக வந்தால் முதலில் கல் அடியைத் தொட்டதா என்று பாருங்கள். தொட்டால் அதன் எடையும் தராசில் ஏறி, அடர்த்தி குறைவாகத் தெரியும். கல்லின் மேல் ஒட்டிய காற்றுக் குமிழிகளும் அடர்த்தியைக் குறைத்தே காட்டும். விரலால் தேய்த்து நீக்கிவிடுங்கள். சிதைந்த தோல் இருந்தாலும் அதே விளைவுதான். துளைகள் நிறைந்த கல்லுக்கு இந்த முறை ஒத்துவராது. அங்கே கிடைக்கும் எண் துளைகளைப் பற்றியதே தவிர, பாறையின் வகையைப் பற்றியது அல்ல.

நிறத்தை வைத்தே சொல்லிவிட முடியாதா?

பெருமணிப் பாறைகளில் நிறம் நல்ல துணை. வெளிறியது சிலிக்கா மிகுந்தது, கறுத்தது குறைந்தது. இந்த விதியைத் தகர்க்கும் கற்களும் இருக்கின்றன. எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் கன்னங்கரேல் என்றிருக்கும், ஆனால் அதில் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல். கண்ணாடியில் தூசுபோல் பரவிய நுண்ணிய இரும்பு ஆக்சைடு மணிகள் ஒளியை விழுங்குவதால் வரும் கறுப்பு அது. எதிர்ப்புறத்தில் அனார்த்தோசைட் வெளிறி இருந்தாலும் 90 சதவீதத்துக்கு மேல் பிளாஜியோகிளேஸ் கொண்டது. குவார்ட்ஸ் அதில் அநேகமாக இருக்காது. நிலவின் வெளிறிய மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட்டால் ஆனவை. அங்கு தெரியும் கறுப்புத் திட்டுகள் பசால்ட் சமவெளிகள்.

கடைகளில் விற்கும் 'கறுப்பு கிரானைட்' உண்மையில் கிரானைட்டா?

இல்லை. வணிகத்தில் மெருகேறும் கடினமான பெருமணிக் கல் எல்லாமே கிரானைட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. கறுப்பாக வருபவை பெரும்பாலும் டோலரைட், கேப்ரோ, நோரைட் வகைகள். நிலவியல் வரையறைப்படி கிரானைட் என்றால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்களின் மொத்தத்தில் குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். பெயர் தவறு என்பதால் கல் மட்டம் என்று ஆகிவிடாது. நல்ல டோலரைட் கிரானைட்டைவிட நெருக்கமானது, உடைக்கவும் கடினமானது.

கவனிக்க வேண்டியது வேறு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத மூலையில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் சாயம். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகளை எந்த வகைக் கல்லின் மேலும் பயன்படுத்தாதீர்கள். அது சிலிக்கேட் கனிமங்களையே கரைத்துவிடும், போன மெருகு திரும்பாது.

கட்டுமானத்துக்கு எது உறுதியானது?

சிதையாத கிரானைட்டின் அமுக்க வலிமை பொதுவாக 100 முதல் 250 மெகாபாஸ்கல் வரை. நெருக்கமான பசால்ட்டும் டோலரைட்டும் 300-ஐயும் தொடும். கட்டடக் கிரானைட்டுக்கான ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) சி615 தரவிதி குறைந்தது 131 மெகாபாஸ்கல் வலிமையும், 0.40 சதவீதத்துக்கு மிகாத நீர் உறிஞ்சலும் கேட்கிறது. இரண்டில் நீர் உறிஞ்சலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். உறிஞ்சல் கூடுதல் என்றால் நுண்விரிசல்களோ சிதைவோ தொடங்கிவிட்டது என்று பொருள். வலிமை, கறை, ஆயுள் எல்லாமே அதோடு சேர்ந்து கெடும்.

கான்கிரீட் ஜல்லிக்கு இன்னொரு எச்சரிக்கை. ரயோலைட், டேசைட், ஆண்டிசைட் போன்றவற்றில் உள்ள எரிமலைக் கண்ணாடி, சிமெண்டின் காரத்தோடு மெதுவாக வினைபுரிந்து களிமம் (ஜெல்) உண்டாக்கும். அது ஈரத்தை உறிஞ்சி வீங்கும், சில ஆண்டுகளில் கான்கிரீட்டில் வலைபோல் விரிசல் விழும். அமுக்க வலிமைச் சோதனையில் இது தெரியவே தெரியாது. கார வினைச் சோதனையைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

தீ விபத்தில் கிரானைட் ஏன் வெடித்து உதிர்கிறது?

காரணம் குவார்ட்ஸ். 600 டிகிரிவரை சூடேறும்போது குவார்ட்ஸ் ஃபெல்ட்ஸ்பாரைப் போல மூன்று மடங்குக்கு மேல் விரிகிறது. போதாக்குறைக்கு 573 டிகிரியில் அதன் படிக அமைப்பே மாறி, சட்டென்று இன்னும் கொஞ்சம் பெருக்கும். பூட்டிக்கொண்டிருக்கும் மணிகள் ஒன்றையொன்று நெம்பி விரிசல் விடும். குவார்ட்ஸ் இல்லாத பசால்ட் இந்த வகையில் மேலானது.

நுரைக்கல் மட்டும் எப்படி மிதக்கிறது? அதேபோல் துளையுள்ள ஸ்கோரியா ஏன் மூழ்குகிறது?

நுரைக்கல்லின் கண்ணாடிச் சுவர் அடர்த்தி சுமார் 2.4. ஆகவே மொத்தக் கன அளவில் 58 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தால் மிதக்கும். கெட்டியான ரயோலைட், டேசைட் குழம்பில் வாயு வெளியேற முடியாமல் நுரைத்துக்கொண்டே இறுகுவதால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடுகிறது. ஸ்கோரியா பசால்ட் குழம்பில் உருவாகிறது. சுவர் தடிமனாகவும் அடர்த்தி கூடுதலாகவும் இருக்கும். பெரிய துளைகளில் நீர் உடனே புகுந்துவிடும்.

நுரைக்கல்லும் என்றென்றும் மிதக்காது. துளைகளில் நீர் மெல்ல ஏற ஏற மூழ்கும், சிறு துண்டுகள் முதலில். 1883-இல் கிரகட்டோவா கக்கிய நுரைக்கல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்து போனது. 2012-இல் ஹேவ்ரே கடலடி எரிமலையிலிருந்து எழுந்த நுரைக்கல் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பில் மிதந்தது.

அப்சிடியனும் பெர்லைட்டும் ஒன்றா?

இரண்டும் சிலிக்கா மிகுந்த கண்ணாடிதான். அப்சிடியனில் நீர் 1 சதவீதத்துக்கும் குறைவு. காலப்போக்கில் அது நீரை உறிஞ்சி, 2 முதல் 5 சதவீதம் நீர் கொண்ட பெர்லைட்டாக மாறும். பெர்லைட்டை 850 முதல் 900 டிகிரியில் சட்டென்று சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, இளகிய கண்ணாடியை 4 முதல் 20 மடங்கு ஊதிப் பெருக்கும். செடித் தொட்டிகளில் கலக்கும் வெள்ளை மணிகள் அவையே.

அப்சிடியனை உடைத்தால் சங்கின் உட்புறம்போல் வளைந்த முறிவும் மிகக் கூரிய விளிம்பும் கிடைக்கும். வெறுங்கையால் உடைக்காதீர்கள். கண்ணாடி நிலையற்றது, மெல்லப் படிகமாகிவிடும். மிகப் பழைய பாறைகளில் அப்சிடியன் அரிதாக இருப்பது அதனால்தான்.

பசால்ட் ஏன் தூண் தூணாகப் பிளக்கிறது?

லாவாப் படலம் ஆறும்போது சுருங்குகிறது. விரிசல்கள் 120 டிகிரியில் சந்தித்தால் இறுக்கம் மிகத் திறமையாகத் தீரும், அதனால் அறுகோணம் மேலோங்குகிறது. ஐந்து, ஏழு பக்கத் தூண்களும் நிறையவே இருக்கும். விரிசல் குளிர்ந்த பரப்பிலிருந்து உள்நோக்கி வளரும் என்பதால், தூண்கள் அந்தப் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும். வேகமாக ஆறினால் மெலிந்த தூண், மெதுவாக ஆறினால் பருத்த தூண். வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் இத்தகைய தூண்கள் சுமார் 40,000 உள்ளன.

எந்தத் தீப்பாறை முதலில் சிதையும்?

மிக உயர்ந்த வெப்பத்தில் படிகமானது முதலில் சிதையும். ஆலிவின் முதலில், பிறகு பைராக்சின், ஹார்ன்பிளெண்ட், பயோடைட், கடைசியில் குவார்ட்ஸ். 1938-இல் நிலவியலாளர் கோல்டிச் காட்டிய இந்த வரிசை, குழம்பில் கனிமங்கள் படிகமாகும் முறையைப் போவென் என்ற மற்றொரு நிலவியலாளர் விளக்கிய அதே வரிசைதான். பெரிடோடைட் நீரோடு சேர்ந்து பாம்புத்தோல் போன்ற பச்சைச் செர்பென்டினாக மாறும். பசால்ட் களிமண்ணாகும், மணல் மிஞ்சாது. கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிட, கரையாத குவார்ட்ஸ் மணலாக நிற்கும்.

அமிலம் விட்டால் தீப்பாறை பொங்குமா?

சிலிக்கேட் பாறைகள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பொங்குவதில்லை. பசால்ட்டில் சில இடங்களில் மட்டும் பொங்கினால், பழைய வாயுத் துளைகளை நிரப்பியிருக்கும் கால்சைட்டைத்தான் அமிலம் தொட்டிருக்கிறது. துளையை விட்டுத் தள்ளி மறுபடி சோதியுங்கள். கல் முழுவதும் பொங்கினால் பெரும்பாலும் அது சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்கு.

அபூர்வமாகக் கார்பனடைட்டாகவும் இருக்கலாம். பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்கள் கொண்ட தீப்பாறை அது. தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய் இன்றும் இவ்வகை லாவாவைக் கக்குகிறது. வெப்பம் 500 முதல் 600 டிகிரிதான். வெளிவரும்போது கறுப்பாக இருந்து, காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துவிடும்.

எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் தீப்பாறையா, படிவுப் பாறையா?

பொருள் குழம்பிலிருந்து வந்தது, படிந்த விதம் மணல் படிவதைப் போன்றது. அதனால் இரண்டு துறையினரும் அதைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். எரிமலைச் சிதறல் பாறை என்று தனியாக வகைப்படுத்துவதே பொருத்தம். கொட்டியபோது போதிய வெப்பம் இருந்திருந்தால் கண்ணாடிச் சில்லுகள் நசுங்கி ஒட்டி, ஒட்டிய டஃப் எனப்படும் உறுதியான கல்லாகும். உடைத்த பரப்பில் நசுங்கிய நுரைக்கல் துண்டுகள் ஒரே திசையில் சுடர்போல் நீண்டு கிடந்தால் அது ஒட்டிய டஃப். அவை உருண்டையாகவே இருந்து, கல்லும் விரல் நகத்துக்கே உதிர்ந்தால் ஒட்டாதது, பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது.